வெளிறிய நிறங்களில் ஒரு குற்றவுணர்வு: 'ஹாஃப்-பிளட் பிரின்ஸ்' படத்தை மீண்டும் பார்க்கையில்

ஹாரி பாட்டர் வரிசையின் எட்டுப் படங்களில், ரசிகர்களிடையே இன்றளவும் வாக்குவாதம் ஓயாமல் நடப்பது ஆறாவது படத்தைப் பற்றித்தான். 2009 ஜூலையில் வெளியான 'ஹாரி பாட்டர் அண்டு தி ஹாஃப்-பிளட் பிரின்ஸ்', நாவலை வரிவரியாக மனத்தில் ஏற்றிக்கொண்டு திரையரங்குக்குப் போனவர்களை ஏமாற்றியது. நாவலைப் படிக்காமல் போனவர்களுக்கோ பாதிக்கு மேல் விளங்கவில்லை. காதல் அதிகம், சண்டை குறைவு, வில்லன் வால்டெமோர்ட்டின் கடந்தகாலத்தைக் காணவில்லை, தலைப்பில் இருக்கும் இளவரசனையே படம் மறந்துவிட்டது என்று அன்று எழுந்த குறைகளில் பெரும்பாலானவை நியாயமானவை. அப்படியிருந்தும், இந்த வரிசையை மறுபடியும் பார்க்க உட்காரும்போதெல்லாம் என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்துவது இந்தப் படமே. இதில் வரும் முக்கியமான மனிதர்கள் ஒவ்வொருவரும் எதையோ மறைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். அந்த மறைப்பு அவர்களை என்ன செய்கிறது என்பதைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. அப்படிக் காட்டுவதில் படம் உச்சம் தொடுகிற இடங்களில் பல, நாவலில் இல்லாமல் திரைக்காகவே புதிதாக எழுதப்பட்டவை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜே. கே. ரௌலிங்கின் ஆறாவது நாவல் 2005 ஜூலையில் வந்தது. படம் 2008 நவம்பரில் வெளிவருவதாக அறிவிக்கப்பட்டு, முன்னோட்டமும் வந்துவிட்ட நிலையில், வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. ஐந்தாவது படத்தை இயக்கிய டேவிட் யேட்ஸே இதையும் இயக்கினார். ஐந்தாவதை மட்டும் எழுதாமல் விட்டிருந்த திரைக்கதையாசிரியர் ஸ்டீவ் குளோவ்ஸ் இதில் திரும்பி வந்தார். படத்தின் நீளம் 153 நிமிடங்கள். சுமார் 25 கோடி டாலர் செலவில் உருவான இப்படம் உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது என்பதால், வாக்குவாதம் எதுவும் வசூலைத் தொடவில்லை என்பது தெளிவு.

மறுபார்வையில் முதலில் கண்ணில் படுவது ஒளிப்பதிவு. பிரெஞ்சு ஒளிப்பதிவாளர் புரூனோ டெல்பொனெல் இந்த ஒரு பாட்டர் படத்துக்கு மட்டுமே பணியாற்றினார். எட்டுப் படங்களிலும் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றதும் இது ஒன்றுதான். முதல் இரண்டு படங்களில் தேன் நிறத்தில் ஒளிர்ந்த ஹாக்வர்ட்ஸ் பள்ளி, இங்கே சாம்பலும் பாசிப்பச்சையும் கலந்த வெளிறிய நிறத்துக்கு வந்துவிடுகிறது. விளக்கு எரிகிற அறையிலும் மூலைகள் இருட்டாகவே இருக்கின்றன. முகங்கள் அந்த இருட்டிலிருந்து மெல்ல வெளியே வருகின்றன. ஹாரியின் சக மாணவனும் எதிரியுமான டிராகோ மால்ஃபாய் கறுப்பு உடையில் ஆளில்லாத நடைகூடத்தில் தனியாக நடந்து செல்லும் காட்சிகளில், வசனம் எதுவுமின்றியே அந்தப் பையன் ஒட்டுமொத்தப் பள்ளியிடமிருந்தும் விலகிப்போய்விட்டான் என்பது புரிகிறது. பிறருடைய நினைவுகளுக்குள் நுழைந்து பார்க்க உதவும் நினைவுக் கிண்ணத்துக்குள் ஹாரி முகம் கவிழ்க்கும்போது, பழைய நினைவுகள் தண்ணீரில் கரையும் மைபோல் திரையில் பரவி, உருவங்களாகத் திரள்கின்றன. நினைவு என்பது முழுமையாகக் கிடைப்பதில்லை, சொட்டுச் சொட்டாகக் கரைந்துதான் வரும் என்ற கருத்தை, இதைவிடத் துல்லியமாக ஒரு காட்சியில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் உயிர் ஜிம் பிராட்பென்ட் நடித்த ஹொரேஸ் ஸ்லக்ஹார்ன். ஓய்வுபெற்ற இந்த மந்திரக் கஷாய ஆசிரியரைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துவரத் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியைக் கூட்டிக்கொண்டு போகும் இரவுக் காட்சியில், அவர் ஒரு சாய்வு நாற்காலியாக உருமாறி ஒளிந்திருக்கிறார். டம்பிள்டோர் மந்திரக்கோலால் குத்தியதும் நாற்காலி மனிதராகி எழுகிறது. நாற்காலியின் துணியில் இருந்த அதே கோடுகள் அவருடைய இரவு உடையிலும் இருக்கின்றன. சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய காட்சிதான். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் எங்கும் தங்குவதில்லை என்றும், இந்த வீட்டின் உரிமையாளர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்றும் அவர் சொல்லும்போது, வேடிக்கைக்கு அடியில் இருக்கும் பயம் தெரிந்துவிடுகிறது. புகழ்பெற்ற மாணவர்களைப் பழகிப் பிடித்து, அவர்களுடைய படங்களை அலமாரியில் வரிசையாக அடுக்கி மகிழ்பவர் அவர். அந்த மகிழ்ச்சியும் உண்மை, அதன் நடுவே இருக்கும் ஓட்டையும் உண்மை. ஏனெனில் அவர் மிகவும் மெச்சிய மாணவர்களில் ஒருவன்தான், பின்னாளில் வால்டெமோர்ட்டாக மாறிய டாம் ரிடில்; அவனுக்குத் தான் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை ஒருவரும் பார்த்துவிடாதபடி, தன் நினைவையே திருத்தி எழுதி வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

பிராட்பென்ட் இந்த வெட்கத்தைக் கண்ணில் வைத்து நடிக்கிறார். விருந்துகளில் வாயாரப் பேசிக்கொண்டிருப்பவர், பேச்சு ரிடிலின் பக்கம் திரும்பியதுமே குரல் இறங்கி, கதவைத் தேடத் தொடங்குகிறார். இங்கே படம் புகுத்தியிருக்கும் ஒரு சிறு பொருளைக் கவனிக்க வேண்டும். ஸ்லக்ஹார்னின் அறையில் ஒரு மணற்கடிகாரம் இருக்கிறது; உரையாடல் சுவையாக இருந்தால் மணல் மெதுவாக இறங்கும் என்று அவரே ஹாரிக்கு விளக்குகிறார். விருந்து முடிந்து மற்றவர்கள் போன பிறகு, ஹாரி தனியே பின்தங்கி நின்று பேச்சுக் கொடுக்கிறான். முன்பொரு காலத்தில் ரிடிலும் இதே போல் பின்தங்கி நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்பதைப் பார்வையாளர்கள் பின்னர் நினைவுக் கிண்ணத்தில் பார்க்கிறார்கள். அந்த நினைவிலும் அதே மணற்கடிகாரம் இருக்கிறது. நல்லவனான மாணவன் ஒருவன், தீயவனான மாணவன் நின்ற அதே இடத்தில் நின்று, அதே இனிய குரலில், அதே ஆசிரியரிடமிருந்து ஒன்றைக் கறக்கப் பார்க்கிறான். ஆசிரியரின் முகத்தில் ஓடும் அச்சம், தான் மீண்டும் ஏமாறப்போகிறோமோ என்பதுதான். இவ்வளவையும் படம் வசனத்தால் விளக்காமல் விட்டதற்காக யேட்ஸைப் பாராட்ட வேண்டும்.

அந்த நினைவை ஹாரி கடைசியில் பெறுகிற விதமே படத்தின் ஆகச் சிறந்த பகுதி. அதிர்ஷ்டத் திரவமான ஃபெலிக்ஸ் ஃபெலிசிஸைக் குடித்துவிட்டு, பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட் வளர்த்த ராட்சதச் சிலந்தி அராகாக்கின் அடக்கத்துக்கு ஸ்லக்ஹார்னையும் இழுத்துக்கொண்டு போகிறான். சிலந்தியின் கொடுக்கை விரல்களால் நடித்துக்காட்டும் டேனியல் ராட்கிளிஃபின் குறும்பு அரங்கையே சிரிக்க வைக்கும். பிறகு ஹாக்ரிட்டின் குடிசையில், மதுவின் மயக்கத்தில், தன்னிடம் முன்பு பிரான்சிஸ் என்றொரு மீன் இருந்ததாகவும், ஒருநாள் கீழே இறங்கி வந்து பார்த்தபோது அது மறைந்துவிட்டதாகவும் ஸ்லக்ஹார்ன் சொல்கிறார். சிலந்திக்காக அழும் ஹாக்ரிட்டுக்கு ஆறுதலாகச் சொன்ன வெற்றுக் கதைபோல் அது கடந்து போகிறது. ஹாக்ரிட் உறங்கிய பின்னர்தான் முழுக் கதையும் வருகிறது. ஒரு வசந்தகாலத்தில், அவருடைய மேசைமேல் கொஞ்சம் தெளிந்த தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. நீரின்மேல் ஒரு பூவிதழ் மிதந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூழ்கி, அடியைத் தொடுவதற்குச் சற்றுமுன் சின்னஞ்சிறு மீனாக மாறியது. லில்லி மலரின் இதழ் அது. அதை வைத்துவிட்டுப் போனவள் ஹாரியின் தாய் லில்லி. கிண்ணம் வெறுமையாகக் கிடந்த நாள், அவள் கொல்லப்பட்ட நாள்.

நாவலில் இந்த மீன் கிடையாது. நாவலிலும் ஹாரி தன் தாயின் மரணத்தை நினைவூட்டித்தான் ஸ்லக்ஹார்னை இளக வைக்கிறான். ஆனால் அங்கே ஆசிரியருக்கும் மாணவிக்கும் இருந்த பாசம், பாராட்டுச் சொற்களாகவே நமக்கு வந்து சேர்கிறது. குளோவ்ஸ் அந்தப் பாசத்துக்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டார். லில்லி பாட்டர் எப்படிப்பட்டவள் என்பதை எட்டுப் படங்களும் சேர்ந்து சொன்னதைவிட, ஓர் ஆசிரியருக்குப் பரிசாக அவள் விட்டுச்சென்ற இந்த ஒரு மந்திரம் அதிகமாகச் சொல்கிறது. அதைச் சொல்லி முடித்ததும், தன்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதே என்று ஒரு சிறுவனிடம் கெஞ்சுவதுபோல் அந்த முதியவர் பார்க்கும் பார்வையும், தன் நெற்றிப்பொட்டிலிருந்து நினைவின் வெள்ளி இழையை அவர் உருவித் தரும்போது நடுங்கும் கையும், மறக்கக்கூடியவை அல்ல. இந்தப் படத்தில் தன் நடிப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்று ராட்கிளிஃப் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவருடைய அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. குடிசைக் காட்சியில் அவர் செய்வது கேட்பது மட்டுமே. கேட்கத் தெரிந்த நடிகர் எதிரில் இல்லாமல் பிராட்பென்ட் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

தலைப்புக்குரிய இளவரசனுக்கு இந்த அக்கறையில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பதே வருத்தம். தொடக்கம் என்னவோ அருமையாகத்தான் இருக்கிறது. ஸ்லக்ஹார்னின் முதல் வகுப்பில், ஓரங்களிலெல்லாம் கையால் குறிப்பெழுதிய பழைய பாடநூல் ஹாரியிடம் வந்து சேர்கிறது. அச்சில் உள்ளபடி கொட்டையை வெட்ட முயலும் மாணவர்களிடமிருந்து அது துள்ளித் துள்ளித் தப்பியோட, வெட்டாமல் கத்தியின் தட்டைப் பக்கத்தால் நசுக்கச் சொல்லும் குறிப்பைப் பின்பற்றிய ஹாரிக்கு மட்டும் சாறு பொங்கி வழிகிறது. எழுதியபடியே செய்து பழகிய, ஹாரியின் தோழி ஹெர்மாய்னியின் தலைமுடி ஆவியில் பறட்டையாகிக் கிடக்க, அவள் முகத்தில் தெரியும் எரிச்சலை எம்மா வாட்சன் நன்றாகக் காட்டுகிறார். இப்படிப் பிறந்த மர்மத்தைப் படம் பிறகு ஏறத்தாழக் கைவிட்டுவிடுகிறது. அந்தப் புத்தகத்துக்கு உரியவர் யார் என்ற தேடலுக்குத் திரையில் இடமே இல்லை. இறுதியில் ஆசிரியர் ஸ்னேப் அந்த இளவரசன் தானே என்று அறிவிக்கும்போது, அந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக்கூடப் படம் சொல்வதில்லை. பிரின்ஸ் என்பது அவருடைய தாயின் குடும்பப் பெயர் என்பது நாவலைப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனின் குரலுக்கு இருக்கும் கனம் அந்த ஒற்றை வரியைத் தூக்கி நிறுத்துகிறது. அது நடிகரின் சாதனையே தவிர, திரைக்கதையின் சாதனை அன்று.

டிராகோவின் கதைக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நாவலில் அவனை ஹாரியின் சந்தேகக் கண்கள் வழியாகவே பெரும்பாலும் பார்க்கிறோம். படம் அவனுடன் தனியாக அறைக்குள் நுழைகிறது. தேவைக்கேற்பத் தோன்றும் அறையில், பழைய சாமான்களின் குவியலுக்கு நடுவே, வைத்ததை வேறோர் இடத்துக்கு அனுப்பும் மறைவு அலமாரியின் துணியை விலக்கி, முதலில் ஓர் ஆப்பிளை வைத்துப் பார்க்கிறான். பிறகு ஒரு பறவையை வைக்கிறான். அது செத்துத் திரும்பி வருகிறது. அந்தச் சிறு உடலைப் பார்த்து அவன் உடைந்து அழும்போது, டம்பிள்டோரைக் கொலை செய்ய வால்டெமோர்ட்டால் பணிக்கப்பட்டிருக்கும் பதினாறு வயதுப் பையனால் ஒரு பறவையின் சாவைக்கூடத் தாங்க முடியவில்லை என்பது விளங்கிவிடுகிறது. முதல் ஐந்து படங்களிலும் உதட்டைச் சுழித்துக் கேலி பேசுவதற்கு மேல் வேலை இல்லாதிருந்த டாம் ஃபெல்டன், இந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்தியிருக்கிறார். கழிவறையில் கைகழுவும் தொட்டியைப் பற்றிக்கொண்டு அவன் விம்மும் காட்சியில், நாவலில் உடனிருந்து ஆறுதல் சொல்லும் ஆவியைப் படம் நீக்கிவிட்டது. அவனுக்குத் துணை யாருமே இல்லை. அங்கே வந்து சேர்பவன் ஹாரி. என்ன செய்யும் என்று தெரியாமலேயே, புத்தகத்தின் ஓரத்தில் கண்ட ஒரு மந்திரத்தை அவன் ஏவ, தரையில் பரவிய தண்ணீர் சிவக்கிறது. ஹாரி அதிர்ந்து நிற்கிறான். ஸ்னேப் வந்து குனிந்து, காயங்களை மூடும் மந்திரத்தைத் தாலாட்டுப் பாடுவதுபோல் மெல்ல முணுமுணுக்கிறார். அந்த மந்திரத்தைக் கண்டுபிடித்தவரே அதன் காயத்தை ஆற்றுகிறார் என்பது மறுமுறை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வலி.

காதல் காட்சிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹாரியின் நண்பன் ரானாக வரும் ரூபர்ட் கிரின்ட் காதல் கஷாயம் கலந்த இனிப்பைத் தின்றுவிட்டு நிலவைப் பார்த்து உருகும் காட்சி சிரிப்புக்கு உத்தரவாதம். ஜெஸ்ஸி கேவின் லாவெண்டர் பிரவுன் சில இடங்களில் அளவுக்கு மீறினாலும் உயிருள்ள பாத்திரம். படிக்கட்டில் தனியே அமர்ந்திருக்கும் ஹெர்மாய்னியைச் சுற்றிச் சிறு பறவைகள் பறப்பதும், ஹாரி அவள் அருகில் வந்து அமர்வதும் அழகாக அமைந்திருக்கின்றன. ஹாரிக்கும் ரானின் தங்கை ஜின்னிக்கும் இடையிலான காதல்தான் ஒட்டவே இல்லை. நாவலின் ஜின்னி நாக்கில் நெருப்பு வைத்திருப்பவள். சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவள். திரையில் அவள் ஹாரியின் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டு, தின்பண்டம் ஊட்டிவிட்டுப் போகிறவளாகச் சுருங்கிவிட்டாள். இதில் போனி ரைட்டைக் குறை சொல்வது அநியாயம். அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது அவ்வளவே.

ஆனால் காதலுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியவர்கள், வால்டெமோர்ட்டின் கடந்தகாலத்திலிருந்து வெட்டி எடுத்ததுதான் படத்தின் மிகப்பெரிய இழப்பு. நாவலில் டம்பிள்டோரும் ஹாரியும் ஒரு வழக்கைப் புலனாய்வு செய்பவர்களைப்போல் ஒவ்வொரு நினைவாகப் போய்ப் பார்க்கிறார்கள்: வறுமையிலும் பரம்பரைப் பெருமையிலும் அழுகிக்கொண்டிருந்த கான்ட் குடும்பம், அன்புக்கு ஏங்கிய, வால்டெமோர்ட்டின் தாய் மெரோபி, ஹஃபிள்பஃபின் கோப்பையை ஆசையோடு எடுத்துக்காட்டி அதனாலேயே உயிரிழக்கும் மூதாட்டி. இவர்கள் ஒருவரும் படத்தில் இல்லை. எஞ்சியிருப்பவை அநாதை இல்லத்தில் டம்பிள்டோர் சிறுவன் ரிடிலைச் சந்திக்கும் காட்சியும், ஸ்லக்ஹார்னின் நினைவும் மட்டுமே. அந்த இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. வால்டெமோர்ட்டாக நடிக்கும் ரேல்ஃப் ஃபைன்ஸின் உறவுப் பையனான ஹீரோ ஃபைன்ஸ் டிஃபின், தன்னிடம் கெட்டவர்களாக நடப்பவர்களுக்குத் தன்னால் தீங்கு விளைவிக்க முடியும் என்பதைப் பெருமையும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொல்வது உறைய வைக்கிறது. எனினும் ஒரு மனிதன் எப்படி அந்நிலைக்கு வந்தான் என்ற கேள்விக்கு விடையாக எழுதப்பட்ட நாவலிலிருந்து அந்த விடையையே எடுத்துவிட்டால், அவன் தன் ஆன்மாவைத் துண்டாக்கி ஒளித்துவைத்த ஹார்கிரக்ஸ் என்பது தேடி அழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலாகக் குறைந்துபோகிறது. அடுத்த இரண்டு படங்களும் இதற்கு விலை கொடுத்தன. கோப்பை போன்ற அந்தப் பொருள்களைப் பற்றி முன்பு எதுவுமே தெரியாததால், அவற்றை ஹாரி அறிவால் ஊகிக்காமல் காதில் விழும் முணுமுணுப்பால் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

புதிதாகச் சேர்த்தவை எல்லாமே நன்றாக அமைந்துவிடவும் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் ரானின் வீஸ்லி குடும்பத்தின் வீட்டை வால்டெமோர்ட்டின் அடியாளான பெல்லட்ரிக்ஸும் கூட்டாளிகளும் தாக்கி எரிக்கும் காட்சி நாவலில் கிடையாது. நாணல் காட்டுக்குள் கண்மண் தெரியாமல் ஓடும் துரத்தல் நன்றாகப் படமாக்கப்பட்டிருக்கிறது. ஹெலினா போனம் கார்ட்டரின் சிரிப்பும் இருளில் சில்லிட வைக்கிறது. ஆனால் நடுப்பகுதியில் சண்டை ஒன்று தேவை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எரிந்துபோன வீட்டைப் பற்றிப் பிறகு யாரும் பேசுவதில்லை. அடுத்த படத்தில் அதே வீடு பழையபடி நின்று, திருமணமும் நடக்கிறது. தொடக்கத்தில் லண்டனின் மில்லேனியம் பாலம் முறுக்கிக்கொண்டு விழுவது இதைவிடப் பொருத்தமானது. மந்திர உலகத்தின் போர் சாதாரண மக்களின் தலைமேல் வந்துவிட்டது என்பதை அது சில நொடிகளில் உணர்த்திவிடுகிறது.

குகைக் காட்சியும் கோபுரக் காட்சியும் சேர்ந்து ஒரே இறுக்கமாக ஓடுகின்றன. அலைமோதும் பாறைகளின் உள்ளே, கறுத்த ஏரியின் நடுத்தீவில், ஹார்கிரக்ஸ் ஒன்றைத் தேடிப்போன டம்பிள்டோர் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: தான் என்ன கெஞ்சினாலும் அந்த நஞ்சை முழுவதும் ஹாரி தன்னைக் குடிக்க வைக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் யாரையும் கெஞ்சியிராத அந்த ஆசான், குழந்தைபோல் வேண்டாம் என்று அழ, வாக்குக் கொடுத்த மாணவன் தானும் அழுதுகொண்டே கிண்ணத்தை அவர் வாயில் சாய்க்கிறான். டம்பிள்டோராக நடித்த மைக்கேல் காம்பனை முந்தைய படங்களில் கடுகடுப்பானவர் என்று கருதிய ரசிகர்கள் பலர்; ஆறாவது படத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, கருகிய கையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் அறிந்தும் சொல்லாமல் இருப்பவரின் களைப்பை அவ்வளவு இயல்பாகத் தாங்கியிருக்கிறார். அதனால்தான் அந்த அழுகை நம்மை உலுக்குகிறது.

அடுத்து வரும் கோபுரக் காட்சியில் படம் செய்த மாற்றம்தான் நாவல் வாசகர்களை அதிகம் கோபப்படுத்தியது. நாவலில் டம்பிள்டோர் ஹாரியை மந்திரத்தால் அசையவிடாமல் கட்டிவிடுகிறார். மாய அங்கிக்குள் இருந்தபடி, ஒன்றும் செய்ய இயலாமல் அவன் எல்லாவற்றையும் பார்க்கிறான். படத்தில் அவனைக் கட்டிப்போடும் மந்திரம் ஏதுமில்லை. என்ன நடந்தாலும் கீழேயே இரு என்ற கட்டளையை மட்டும் வாங்கிக்கொண்டு, பலகைத் தளத்துக்குக் கீழே, இடுக்குகளின் வழியாக மேலே பார்த்தபடி நிற்கிறான். மந்திரக்கோலை உயர்த்தும் தறுவாயில் ஸ்னேப் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்ட, அவரை நம்பிக் கோலைத் தாழ்த்துகிறான். ஹாரி இப்படிச் சும்மா நிற்பவன் அல்ல என்பதே பலருடைய வாதம். என் பார்வையில் இது நாவலைவிடக் கொடிய நிலை. சற்று முன்னர்தான் கீழ்ப்படிதல் என்பதற்காகத் தன் ஆசானுக்குத் தன் கையாலேயே நஞ்சு புகட்டியவன் அவன். இப்போதும் அதே கீழ்ப்படிதல் அவனை நிறுத்திவைக்கிறது. கட்டப்பட்டவனுக்கு இயலாமை என்ற ஆறுதலாவது உண்டு. இவனால் இயன்றிருக்கும், ஆனாலும் சொன்ன சொல்லுக்காக நின்றுவிட்டான். ஸ்லக்ஹார்னைப்போல் இவனும் இனித் திரும்பிப் பார்க்க அஞ்சும் ஓர் இரவைச் சுமக்க வேண்டும். மேலே, நடுங்கும் கையோடு டிராகோ, இதைச் செய்யாவிட்டால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று கதற, டம்பிள்டோர் தாழ்ந்த குரலில் ஸ்னேப்பிடம் ஒரு வேண்டுகோளை மட்டும் வைக்கிறார். டம்பிள்டோரைக் கொல்லப்போகும் கோலை ஸ்னேப்பான ரிக்மன் உடனே உயர்த்துவதில்லை. அந்தச் சிறு தயக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கடைசிப் படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மீண்டும் பார்க்கும்போது படம் முழுவதும் அந்தத் தயக்கத்தை நோக்கியே நகர்ந்து வந்ததாகத் தோன்றுகிறது.

இதற்குப் பிறகு வருபவை ஏற்ற இறக்கமானவை. நாவலில் பள்ளிக்குள் மூளும் சண்டையை, இறுதிப் படத்தின் பெரும்போரை முன்கூட்டியே காட்டியதுபோல் ஆகிவிடும் என்பதற்காகத் தவிர்த்துவிட்டார்கள். காரணம் புரிகிறது, ஆனால் ஓர் ஆண்டு முழுக்கப் பாடுபட்டு டிராகோ திறந்த வழியாக உள்ளே வந்தவர்கள், சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடிகளை உடைத்து, ஹாக்ரிட்டின் குடிசைக்குத் தீ வைத்துவிட்டு, தடுப்பார் எவருமின்றிக் கிளம்பிப் போவது நம்பும்படியாக இல்லை. டம்பிள்டோரின் இறுதிச் சடங்கும் விடுபட்டுப்போனது. அதற்கு ஈடாக வைத்த காட்சியோ என் கணிப்பில் ஈட்டுக்கும் மேலானது. உடலைச் சுற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் நிற்க, மேகி ஸ்மித்தின் மக்கோனகல் மெல்லத் தன் மந்திரக்கோலை உயர்த்துகிறார். நுனியில் ஒளி பிறக்கிறது. ஒவ்வொருவராக உயர்த்த, அந்த ஒளி வானில் கவிந்திருந்த, வால்டெமோர்ட்டின் மண்டையோட்டுச் சின்னத்தைக் கரைக்கிறது. நிக்கலஸ் ஹூப்பரின் நரம்பிசை இங்கே உரக்க அழாமல், தேம்பலை அடக்கிக்கொண்டதுபோல் ஒலிக்கிறது. இந்த வரிசைக்கு அவர் இசையமைத்த கடைசிப் படம் இது. இதற்குப் பின் கோபுர உச்சியில் நண்பர்கள் மூவரும் நிற்கும் முடிவுக் காட்சி ஒப்பிட்டால் மெலிந்தது. ஹெர்மாய்னி பேசுகிறாள், ஹாரி பேசுகிறான். தொடக்கம் முதல் உடன்வந்த ரானுக்கு ஒரு வரிகூடக் கொடுக்காமல் பின்னால் உட்கார வைத்தது பெரும் குறை.

முதன்முறையாகப் பார்க்க நினைப்பவர்கள் ஐந்தாவது படத்தைப் பார்த்த பிறகே இதற்கு வர வேண்டும். நேராக இதில் நுழைந்தால் பாத்திரங்களின் பாரம் பிடிபடாது. நாவலைப் படித்தவர்கள், எது விடுபட்டது என்று முதல் பார்வையில் கணக்கெடுத்து முடித்திருப்பார்கள். இரண்டாம் முறை ஸ்லக்ஹார்னின் முகத்தையும் டிராகோவின் கைகளையும் மட்டும் பின்தொடர்ந்து பார்த்தால், வேறொரு படமாகவே தெரியும். ஆலன் ரிக்மன் 2016இலும், ஸ்னேப்பிடம் மீறவியலாத சத்தியம் வாங்கும் நார்சிஸாவாக நடித்த ஹெலன் மெக்ரோரி 2021இலும், ஹாக்ரிட்டாக நடித்த ராபி கோல்ட்ரேன் 2022இலும், காம்பன் 2023இலும், மேகி ஸ்மித் 2024இலும் மறைந்துவிட்டதால், அவர்களுடைய காட்சிகளில் கண்கள் தாமாகவே கூடுதலாகத் தங்கிவிடும். நடைமுறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டெல்பொனெலின் இருளைப் பகல் வெளிச்சத்திலோ கைபேசித் திரையிலோ பார்த்தால், குகைக் காட்சியில் பாதி கண்ணுக்கே தெரியாது. இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் பாருங்கள்.